அடிப்படைப் பயிற்சியும் அடைத்த கதவும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் இளைஞர்களுக்கு ஆற்றிய உரை)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், ஐஸ் ஹாக்கி என்னும் விளையாட்டில் அடிப்படைத் திறன்கள் எவ்வாறு கட்டப்படுகின்றன, எவ்வாறு செம்மை பெறுகின்றன என்பதாகும். பனியையே கண்டறியாத ஊரில் பனிக்கட்டியின்மீது ஆடும் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். அவ்வினா நியாயமானதே. அதற்கு நம் விடை இரண்டு. முதலாவது, நிற்பதையும் நடப்பதையும்கூட மனிதன் முதலிலிருந்து கற்றாக வேண்டிய விளையாட்டு இது. ஆகவே அடித்தளம் என்பதன் பொருளை இதைப்போல் வெளிப்படையாகக் காட்டும் விளையாட்டுகள் சிலவே. இரண்டாவது, நிறத்தின் பெயரால் ஒதுக்கப்பட்ட ஒரு மக்கட்கூட்டம், தன் இளைஞர்களைக் கல்வியின்பாலும் ஒழுங்கின்பாலும் ஈர்ப்பதற்கு இந்த ஆட்டத்தைக் கருவியாகக் கொண்ட வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாறு நம்மவர் அறிய வேண்டியது.

ஆட்டத்தின் இயல்பு

ஐஸ் ஹாக்கி கனடா நாட்டில் உருப்பெற்றது. அந்நாட்டின் மான்ட்ரியால் நகரில், விக்டோரியா ஸ்கேட்டிங் மண்டபத்தில், 1875 மார்ச் 3 ஆம் நாள் நடைபெற்ற ஆட்டமே கூரையின்கீழ் முறைப்படி நடந்த முதல் ஆட்டமாகக் குறிக்கப்படுகின்றது. அதற்கு முன்பே உறைந்த ஏரிகளிலும் குளங்களிலும் மக்கள் பலவகையாக ஆடிவந்தனர். நோவா ஸ்கோஷியாவின் பழங்குடியினரான மிக்மாக் மக்கள் மரத்தைச் செதுக்கிச் செய்த மட்டைகள் அக்காலத்தில் பெயர் பெற்றவை.

வட அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்களம் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உடையது. ஒவ்வோர் அணியிலும் ஒரே நேரத்தில் களத்தில் இருப்போர் 6 பேர்: கோல் காப்பாளர் ஒருவர், தற்காப்பு ஆட்டக்காரர் இருவர், முன்கள ஆட்டக்காரர் மூவர். 20 நிமிடம் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். பந்துக்குப் பதிலாக இங்கே ஆடப்படுவது கெட்டியான ரப்பர் வட்டு. அதனைப் பக் என்பர். அதன் குறுக்களவு 3 அங்குலம். தடிப்பு 1 அங்குலம். எடை 156 முதல் 170 கிராம் வரை. துள்ளாமல் வழுக்கிச் செல்வதற்காக அதனை ஆட்டத்திற்கு முன் உறைய வைப்பதும் உண்டு.

இனி, ஆடுபவரின் காலடியைப் பார்ப்போம். தரையில் நடக்கும்போது நம் பாதத்திற்கும் மண்ணுக்கும் இடையே உராய்வு உண்டு. அவ்வுராய்வே நம்மை நிறுத்துகின்றது. அதுவே நம்மை முன்னே தள்ளவும் செய்கின்றது. பனிக்கட்டியின் மேற்பரப்பிலோ நீர்த்தன்மையுடைய மிக மெல்லிய படலம் ஒன்று இருக்கின்றது. அதன்மேல் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அகலமேயுள்ள எஃகுத் தகட்டின்மீது ஆட்டக்காரர் நிற்க வேண்டும். தாய் மடியிலிருந்து இறங்கி நாம் கற்ற நடை அங்கே பயன்படாது. பிறப்பால் எவருக்கும் அத்தளத்தில் நடை வாய்ப்பதில்லை. வீழ்ந்தெழுந்து கற்றவரே நிற்பர்.

கால்களின் கல்வி

இவ்விளையாட்டின் முதற்பாடம் கோல் அடிப்பது அன்று; விழுவதும் எழுவதுமே. நல்ல பயிற்சியாளர் சிறுவனைக் களத்தில் இறக்கியவுடன் பக்கவாட்டில் விழக் கற்பிப்பார். பின்னர் ஒரு முழங்காலை ஊன்றி, மறுகாலை நிறுத்தி, அதன்மீது கையை அழுத்தி எழக் கற்பிப்பார். விழுந்தால் எழலாம் என்று உடல் அறிந்துகொண்ட பின்னரே அச்சம் நீங்கும். அச்சம் நீங்கிய பின்னரே முழங்கால் வளையும். முழங்கால் வளைந்த பின்னரே ஏனைய திறன்கள் எல்லாம் வரும்.

அடுத்தது நிலை. பாதங்கள் தோள் அகலத்திற்கு விரிந்திருக்க வேண்டும். முழங்கால்கள் நன்கு வளைந்து, இடுப்புத் தாழ்ந்து, மார்பும் தலையும் நிமிர்ந்திருக்க வேண்டும். தொடக்கக்காரர் அஞ்சிக் காலை விறைப்பாக்கி, இடுப்பை வளைத்து, தலையைக் கவிழ்ப்பர். அதனாலேயே விழுவர். தாழ்ந்த இடுப்பும் நிமிர்ந்த தலையும் என்பதே இவ்வாட்டத்தின் அரிச்சுவடி.

மூன்றாவது விளிம்புகள். சறுக்குக் காலணியின் தகடு தட்டையானது அன்று. அதன் அடிப்பக்கம் நடுவில் சிறிது குழிவாகச் சாணை பிடிக்கப்பட்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு தகட்டிற்கும் உள்விளிம்பு ஒன்றும் வெளிவிளிம்பு ஒன்றும் உண்டு. இந்நான்கு விளிம்புகளையும் ஆளத் தெரிந்தவரே ஆட்டக்காரர். பனியின்மீது நேர் பின்னோக்கி உதைத்தால் கால் வழுக்கும். தகட்டைச் சாய்த்து, உள்விளிம்பைப் பனியில் பதித்து, பக்கவாட்டில் உந்த வேண்டும். கால் முழுவதும் நீண்டு, இறுதியில் நுனி வரை தள்ளி முடித்து, பின்னர் உடலின் அடிக்கே திரும்பி வர வேண்டும். அரைகுறையாக நீட்டிய கால் அரைகுறை வேகமே தரும். மெலிந்த சிறுவன் ஒருவன் உந்தலை முழுமையாக முடித்தால், அரைகுறையாக உந்தும் வலியவனை முந்துவான்.

நான்காவது நிற்பது. விரைந்து செல்பவர் நிற்க அறியாவிடில் விரைவே கேடாகும். முதலில் இரு கால்களின் குதிகளையும் வெளியே தள்ளி, தகடுகளைக் கலப்பைபோல் குவித்துத் தேய்த்து நிற்பர். பிறகு, செல்லும் திசைக்குக் குறுக்காக இரண்டு தகடுகளையும் ஒருங்கே திருப்பி, முழங்காலை ஆழ வளைத்து அழுத்தி நிற்பர். அப்போது முன்காலின் உள்விளிம்பும் பின்காலின் வெளிவிளிம்பும் பனியைச் சீவும். இதனை வலப்புறமும் இடப்புறமும் செய்ய வேண்டும். பலருக்கு ஒரு புறம் எளிதாக வரும், மறுபுறம் வாராது. எளிதான புறத்தையே திரும்பத் திரும்பச் செய்து மகிழ்வது மனித இயல்பு. வாராத புறத்தைத் தேடிச் செய்வதே பயிற்சி.

ஐந்தாவது வளைவில் கால் மாற்றுதல். இடப்புறம் வளையும்போது வலக்கால் இடக்காலைக் கடந்து முன்னே வைக்கப்படும். இடக்காலோ தன் வெளிவிளிம்பால் உடலின் அடியில் உந்தும். இதனால் வளைவிலும் வேகம் குறையாது, கூடும். ஆறாவது பின்னோக்கிச் சறுக்குதல். ஒவ்வொரு காலாலும் பனியின்மீது பிறை வடிவம் வரைவதுபோல் தள்ளிப் பின்னே செல்வர். தற்காப்பு ஆட்டக்காரருக்கு இது உயிர் போன்றது. எதிரியை நேருக்கு நேர் பார்த்தவாறே பின்வாங்க அவருக்கு வேறு வழியில்லை.

கைகளின் கல்வி

கால் அமைந்த பின்னரே மட்டை. சறுக்குக் காலணி அணிந்து நிற்கும்போது மோவாய் அளவுக்கு மட்டை இருப்பது பொதுவாகப் பொருந்தும். அண்ணனுடைய நீண்ட மட்டையைக் கொண்டு ஆடும் தம்பி நிமிர்ந்து நிற்பான். நிமிர்ந்து நின்றால் முழங்கால் வளையாது. கருவி அளவு தவறினால் கால் கற்ற பாடமும் கெடும் என்பதற்காகவே இதனைக் கூறுகின்றோம்.

மட்டையின் உச்சியைப் பற்றும் மேற்கையே ஆளும் கை. அதன் மணிக்கட்டுச் சுழன்று, மட்டையின் அலகை வட்டின்மீது குடைபோல் கவிக்கும். கீழ்க்கை இறுகப் பற்றாமல் வழிகாட்டும் அளவே நிற்கும். தொடக்கக்காரர் கீழ்க்கையால் இறுகப் பிடித்து வட்டை அடித்து அடித்து நகர்த்துவர். பயின்றவரோ வட்டை ஓசையின்றி இருபுறமும் உருட்டிச் செல்வர். ஓசை குறையக் குறையத் திறன் கூடுகின்றது என்று அறியலாம்.

வட்டைப் பிறருக்கு அளிக்கும்போது, அலகின் குதிப்பகுதியில் தொடங்கி நுனிப்பகுதி வரை அதனை உருட்டி, மட்டை இலக்கைச் சுட்டும் வண்ணம் முடிக்க வேண்டும். துணைவர் நிற்கும் இடத்திற்கு அன்று, அவர் வரும் இடத்திற்கு அனுப்ப வேண்டும். வட்டைப் பெறுபவரும் கற்க வேண்டியது உண்டு. விறைத்த மட்டையில் பட்ட வட்டு தெறித்து ஓடும். வந்த வேகத்தோடு மட்டையையும் சிறிது பின்னே இழுத்து, முட்டையை ஏந்துவதுபோல் ஏந்த வேண்டும்.

இறுதியாக, கோலை நோக்கி அடித்தல். மணிக்கட்டு அடி என்பதே முதலில் பயில வேண்டியது. வட்டை உடலின் பின்பக்கத்திலிருந்து இழுத்து வந்து, உடலின் எடையைப் பின்காலிலிருந்து முன்காலுக்கு மாற்றி, மணிக்கட்டைச் சுழற்றி விடுவிப்பது அது. மட்டையை ஓங்கி வீசும் அடியைக் காணச் சிறுவர்க்கு ஆசை மிகும். அந்த அடியில் அலகு முதலில் வட்டுக்குச் சற்றுப் பின்னே பனியைத் தொட்டு, தண்டு வில்லைப்போல் வளைந்து, தேங்கிய ஆற்றல் வட்டை எறிகின்றது. சிறந்த ஆட்டக்காரர் அடித்த வட்டு மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேலும் விரைந்துள்ளது. ஆயினும் எடை மாற்றம் அறியாத சிறுவன் ஓங்கி வீசினால் பெறுவது ஓசையே. வேகமும் இல்லை, குறியும் இல்லை.

கண்களின் கல்வி

காலும் கையும் கற்பது எதற்காக? கண் விடுதலை பெறுவதற்காக. வட்டையே குனிந்து பார்த்துச் செல்பவருக்குத் துணைவர் தெரியமாட்டார். மோத வரும் எதிரியும் தெரியமாட்டார். கால் தானாக நடக்க, கை தானாக ஆள, கண் நிமிர்ந்து களம் முழுவதையும் பார்க்கும் நிலையே தேர்ச்சி. படிப்பிலும் இதுவே உண்மை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் மாணவனுக்கு ஒரு வாக்கியத்தைக் கடப்பதே உழைப்பு. பொருளைச் சிந்திக்க அவனிடம் வலிமை எஞ்சாது. சரளமாகப் படிப்பவன் ஆசிரியரோடு வாதிடவும் இயலும்.

பயிற்சியின் நெறி

இத்திறன்களைக் கட்டும் முறைதான் என்ன? முதலில் மெதுவாகவும் சரியாகவும். அடுத்து விரைவாகவும் சரியாகவும். அதன்பின் எதிரி நெருக்கும்போதும் சரியாகவும் செய்தல் வேண்டும். இவ்வரிசையை மாற்றினால் பிழையே பழக்கமாகிவிடும். பழகிய பிழையைக் களைவது புதிதாகக் கற்பதினும் கடினம். வாரத்திற்கு ஒரு நாள் நெடுநேரம் பயில்வதினும், நாள்தோறும் சிறிது நேரம் பயில்வது சிறந்தது. தேர்ந்த ஆட்டக்காரர்கூட ஒரு முறை களத்தில் ஏறத்தாழ 45 விநாடியே முழு வேகத்தில் ஆடிவிட்டு, வெளியே வந்து மூச்சு வாங்கி மீண்டும் செல்வர். சோர்ந்த உடல் பிழையையே பயிலும் என்பதனால் பயிற்சியிலும் உழைப்பும் ஓய்வும் மாறி மாறி வருதல் வேண்டும்.

வசதி இல்லையே என்று ஏங்குவோர்க்குச் சோவியத் நாட்டின் வரலாறு நல்ல பாடம். அந்நாட்டில் இந்த ஆட்டத்தின் முதற் சாம்பியன் போட்டி 1946 இல்தான் தொடங்கிற்று. செயற்கைப் பனித்தளங்கள் போதிய அளவு இல்லாத காலம் அது. ஆகவே அனத்தோலி தராசோவ் போன்ற பயிற்சியாளர்கள் மண் தரையிலேயே ஓட்டம், தாவல், எடை தூக்கல், உருளல் ஆகியவற்றால் ஆட்டக்காரரின் உடலை உருவாக்கினர். கனடாவின் டொரான்டோ நகரைச் சேர்ந்த லாயிட் பெர்சிவல் 1951 இல் வெளியிட்ட ஹாக்கிக் கையேட்டைச் சொந்த நாட்டுப் பயிற்சியாளர் பலர் பொருட்படுத்தாதபோது, தராசோவ் அதனைப் படித்துப் பயன் கொண்டார். 1954 இல் ஸ்டாக்ஹோம் நகரில் உலகப் போட்டியில் முதன்முறையாகக் கலந்துகொண்ட சோவியத் அணி, கனடாவை 7 க்கு 2 என வென்று பட்டம் பெற்றது. 1963 முதல் 1971 வரை தொடர்ந்து ஒன்பது உலகப் பட்டங்களையும் வென்றது. பிறர் ஒதுக்கிய நூலைப் படித்தவரும், இல்லாத பனிக்குப் பதிலாக இருந்த மண்ணைப் பயன்படுத்தியவரும் பெற்ற பயன் இது.

நம் நாட்டிலும் லடாக் பகுதியில் குளிர்காலத்துச் சில வாரங்களே இயற்கைப் பனித்தளம் கிட்டும். அத்தகைய மலைப் பகுதிகளிலிருந்து வந்த பெண்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட இந்திய மகளிர் அணி, 2025 இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் அய்ன் நகரில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றது. இதுவும் நம் மாணவியர் நினைவில் கொள்ளத்தக்கது.

நோவா ஸ்கோஷியாவின் திருச்சபைகள் கண்ட வழி

இனி, நாம் முதலில் குறிப்பிட்ட வரலாற்றுக்கு வருவோம். கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள நோவா ஸ்கோஷியாவில் கறுப்பின மக்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். அமெரிக்க விடுதலைப் போரின் முடிவில் 1783 ஐ ஒட்டியும், 1812 இல் தொடங்கிய போரின்போதும் அங்கு வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் அவர்களுள் பெரும்பாலோர். விடுதலை தருவதாகச் சொல்லப்பட்டு வந்தவர்களுக்குக் கிடைத்தது வளமற்ற நிலமும் ஊரின் ஓரமுமே. ஹாலிஃபாக்ஸ் நகரின் வடகோடியில், பெட்ஃபோர்டு நீர்நிலையின் கரையில் இருந்த ஆப்பிரிக்வில் என்னும் குடியிருப்பு அவற்றுள் ஒன்று. நகராட்சி அம்மக்களுக்குக் குழாய் நீரும் கழிவுநீர் வசதியும் தரவே இல்லை. 1960களில் அவ்வூரையே இடித்துத் தள்ளிற்று. 2010 இல்தான் அதற்காக மன்னிப்புக் கேட்டது. ஊருக்கு வெளியே சேரி என்னும் ஏற்பாட்டை நன்கறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

அம்மக்களிடையே 1895 இல் தோன்றியதே கலர்டு ஹாக்கி லீக், அதாவது நிறத்தவர் ஹாக்கிக் கழகம். பாப்டிஸ்ட் திருச்சபைத் தலைவர்களும் கற்ற இளைஞர்களும் கூடி அதனை அமைத்தனர். ஞாயிறு வழிபாட்டிற்குப் பின் திருச்சபைகளுக்கிடையே ஹாக்கி ஆட்டம் உண்டென்றால் இளைஞர்கள் ஆலயத்திற்கு வருவர். வந்தவர் ஒழுக்கமும் கல்வியும் பெறுவர் என்பது அவர்கள் கருத்து. அம்முயற்சியோடு தொடர்புடையவர்களுள் ஜேம்ஸ் ராபின்சன் ஜான்ஸ்டன் ஒருவர். அவர் 1898 இல் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்று, அம்மாகாணத்தின் முதற் கறுப்பின வழக்கறிஞராக விளங்கினார். ஜேம்ஸ் கின்னி என்பார் வணிகக் கல்லூரியில் பயின்று தேறியவர். பிற்காலத்தில் கறுப்பினச் சிறுவர் இல்லத்தை நடத்தியவர். முதல் தலைமுறைப் படிப்பாளிகள் தாம் படித்ததோடு நில்லாமல் தம் தெருவின் சிறுவர்களை அணிதிரட்டினர் என்பதை நாம் கருத்தில் இருத்த வேண்டும்.

ஹாலிஃபாக்ஸ் யுரேகாஸ், ஆப்பிரிக்வில் சீசைட்ஸ், டார்ட்மத் ஜூபிலீஸ், ட்ரூரோ விக்டோரியாஸ், ஆம்ஹர்ஸ்ட் ராயல்ஸ் என அணிகள் பெருகின. ஆனால் ஆட்டக்களங்கள் அவர்களுடையவை அல்ல. வெள்ளையர் அணிகள் ஆடி முடித்த பின்னரே, குளிர் தணிந்து பனி இளகும் பருவத்தில், அவர்களுக்குக் களம் கிட்டும். மிஞ்சியதைப் பெற்றும் அவர்கள் ஆட்டத்தை வளர்த்தனர். கோல் காப்பாளர் பனியில் விழுந்து வட்டைத் தடுப்பது பிற இடங்களில் விதிக்கு மாறாகக் கருதப்பட்ட காலத்திலேயே, டார்ட்மத் அணியின் ஹென்றி பிராங்க்ளின் அவ்வாறு தடுத்ததைப் பத்திரிகைகள் குறித்துள்ளன. தேசிய ஹாக்கி லீக் என்னும் பெருங்கழகம் தோன்றியதே 1917 இல்தான். கோல் காப்பாளர் விழுந்து தடுக்க அது இசைந்தது 1918 இல். ஆயினும் நெடுங்காலம் இவ்வரலாறு நூல்களில் இடம்பெறவில்லை. 2004 இல் ஃபாஸ்டி சகோதரர்கள் எழுதிய ‘பிளாக் ஐஸ்’ என்னும் நூலுக்குப் பின்னரே பலர் அறிந்தனர். 2020 இல் கனடா அஞ்சல்துறை அதன் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

தகுதி என்னும் சொல்

திறமை இருந்தால் எவரும் முன்னேறலாம், தடுப்பார் யார் என்று நம்மிடம் அடிக்கடி கூறுவோர் உண்டு. அவர்கள் ஹெர்ப் கார்னெகி என்பாரின் வாழ்வை அறிதல் நலம். ஜமைக்கா நாட்டுப் பெற்றோருக்கு 1919 இல் டொரான்டோவில் பிறந்தவர் அவர். 1940களில் கியூபெக் மாகாணத்தில் தம் அண்ணன் ஆசியோடும் மானி மெக்கின்டயரோடும் சேர்ந்து அவர் ஆடிய முன்கள வரிசை பெரும்புகழ் பெற்றது; அது முழுதும் கறுப்பினத்தவரால் ஆன வரிசை. 1948 இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணி அவரைச் சோதனைக்கு அழைத்தது. அங்கே அவர் திறனைக் காட்டினார். ஆயினும் அவ்வணி கொடுக்க முன்வந்தது கீழ்நிலை அணியில் ஓர் இடமே. ஊதியமோ அவர் கியூபெக்கில் பெற்றுவந்ததினும் குறைவு. அவர் அதனை ஏற்கவில்லை. பெருங்கழகத்தில் ஓர் ஆட்டமும் ஆடாமலேயே அவர் ஓய்வு பெற நேர்ந்தது.

அவர் செய்த அடுத்த செயலே நமக்கு முக்கியம். 1955 இல் எதிர்கால வீரர்களுக்கென ஒரு ஹாக்கிப் பள்ளியை அவர் தொடங்கினார். கனடாவின் முதல் ஹாக்கிப் பள்ளிகளுள் அதுவும் ஒன்று. தமக்குக் கதவை அடைத்த ஆட்டத்தின் அடிப்படையை எல்லா நிறத்துச் சிறுவர்களுக்கும் அவர் கற்பித்தார். 2012 இல் மறைந்தார். ஹாக்கிப் பெருமக்கள் மன்றத்தில் அவர் பெயர் இடம்பெற்றது 2022 இல். மறைந்து பத்தாண்டு கழிந்த பின்!

கதவைக் கடந்த முதல் மனிதர் வில்லி ஓரீ. நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் பிரெடரிக்டன் நகரில் 1935 இல் பிறந்தவர். இளம் வயதில் ஆட்டத்தின்போது வட்டு தாக்கி அவருடைய வலக்கண் பார்வை ஏறத்தாழ முழுதும் போயிற்று. அவர் ஆடியதோ இடப்புற முன்களம். துணைவர் அனுப்பும் வட்டு வலப்புறமிருந்தே வரும். பாராத கண்ணின் பக்கமே அது. அவர் தலையை வலத்தோளுக்கு மேலாக முழுதும் திருப்பி, இடக்கண்ணால் பார்த்து வட்டைப் பெறப் பழகினார். இந்நிலையிலேயே 1958 ஜனவரி 18 ஆம் நாள் மான்ட்ரியாலில் பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்காகக் களமிறங்கிப் பெருங்கழகத்தின் முதல் கறுப்பின ஆட்டக்காரர் ஆனார். பின்னர் மேற்கு ஹாக்கி லீக்கில் வலப்புற முன்களத்திற்கு மாற்றப்பட்டபோது, பார்க்கும் கண்ணின் பக்கம் வட்டு வந்தது. 1964 இலும் 1969 இலும் அந்த லீக்கில் மிகுதியான கோல்களை அடித்தவராக விளங்கினார். 43 வயது வரை ஆடினார். ஒரு திறனை எவ்வளவு நுணுக்கமாகச் செம்மை செய்யலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஓரீக்குப் பின் பெருங்கழகத்தில் ஆடிய அடுத்த கறுப்பின ஆட்டக்காரர் மைக் மார்சன். அவர் வந்தது 1974 இல். இடைப்பட்ட காலத்தில் தகுதியுடையவர் ஒருவரும் பிறக்கவில்லை என்று சொல்ல எவர்க்கேனும் மனம் வருமா? தகுதி இல்லாமையால் கதவு அடைபடவில்லை. கதவு அடைபட்டிருந்தமையால் தகுதி கண்ணுக்குத் தெரியவில்லை.

நாம் கொள்ள வேண்டியவை

இவ்விரண்டு உண்மைகளையும் ஒருங்கே பற்றிக்கொள்ள வேண்டும். அடிப்படையைக் கட்டாதவனுக்குக் கதவு திறந்தாலும் உள்ளே நிற்க இயலாது. அடிப்படையைக் கட்டியவனுக்கும் கதவு தானே திறந்துவிடாது. அமைப்பாகக் கூடியவரே அதனைத் திறப்பிப்பர். கதவு அடைத்திருக்கின்றதே, பயின்று என்ன பயன் என்று சோர்வதும் பிழை. பயின்றால் போதும், சங்கம் எதற்கு, சட்டப் பாதுகாப்பு எதற்கு என்று பேசுவதும் பிழை. பயிற்சியும் அமைப்பும் இரு கால்கள். ஒரு காலால் மட்டும் உந்துபவன் சுற்றிச் சுற்றி வருவானேயன்றி முன்னேறமாட்டான்.

நம் பிள்ளைகள் பலர் வகுப்புகளைக் கடந்து செல்கின்றனர். ஆயினும் பிழையின்றி ஒரு பக்கம் எழுதவும், பின்னக் கணக்கைத் தயக்கமின்றிப் போடவும் சிலரால் இயலவில்லை. நேரே போட்டித் தேர்வுக்குரிய வினா விடைத் தொகுப்பை மனப்பாடம் செய்ய முனைகின்றனர். முழங்கால் வளைக்கக் கல்லாமல் மட்டையை ஓங்கி வீசும் செயல் இது. குறை பிள்ளைகளுடையது அன்று. அவர்களை மெதுவாகவும் சரியாகவும் பயிற்றுவிக்கப் பொறுமையுள்ள இடம் கிடைக்கவில்லை. அந்த இடமாக நம் மாலை வகுப்புகள் அமைதல் வேண்டும்.

ஆகவே இளைஞர்களுக்கு நாம் வேண்டுவன சில. நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் அடிப்படையில் செலவிடுங்கள்: உரக்கப் படித்தல், கையால் எழுதுதல், கணக்குப் போடுதல். எந்தப் பாடம் உங்களுக்கு வாராத புறமோ அதனை முதலில் எடுங்கள். தேறியவர் ஒவ்வொருவரும் தம் தெருவிலுள்ள இரண்டு சிறுவர்க்கேனும் ஆசிரியராகுங்கள். விளையாட்டையும் விலக்காதீர்கள், சடுகுடு ஆயினும் பந்தாட்டம் ஆயினும் முறையாகப் பயின்று ஆடுங்கள். பெண்பிள்ளைகளுக்கும் களத்தில் இடம் கொடுங்கள்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. விழுந்த பிள்ளையைப் பார்த்து நகைக்க ஊரில் ஆள் மிகுதி. எழுவதற்கு ஒரு முழங்காலை எவ்வாறு ஊன்றுவது என்று கற்பிப்பார் சிலரே. இந்த 25 ஆண்டுகளில் நம் சங்கம் அச்சிலருள் ஒன்றாக இருந்துவந்துள்ளது. இதன் படிப்பகத்தில் விளக்கு எரியும் வரை நம் பிள்ளைகள் வந்து அமர்வர். அவ்விளக்கை அணையாமல் காப்பது நம் அனைவர்க்கும் உரிய கடமை.